கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலை யார் பொறுப்பு?

எங்கள் ஊர் பழனி மலையின் கீழ்மலைப் பக்கம் இருக்கிறது. பஸ் நிற்கும் பிரிவிலிருந்து ஊருக்குள் போக மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லாரி போகிற அகலம்தான் சாலை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் இறக்கத்தில் வருகிறவர் பின்னுக்கு எடுத்து ஒதுங்குவார். சுமையோடு ஏறுகிறவருக்கு வழி விடுவார். காப்பி மூட்டை ஏற்றிய ஜீப்புக்கும் பால் வண்டிக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் அந்த ஒழுங்கு போதுமானதாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு மேலே இருந்த ஒரு காப்பித் தோட்டம் கைமாறியது. நிழல் மரங்களுக்கு நடுவே தங்கும் விடுதியும், விற்பனைக்குத் தனி வீடுகளும் வரப்போகின்றன என்றார்கள். இரண்டு கோடை முழுவதும் எம்-சாண்டும் ஜல்லியும் கம்பியும் ஏற்றிய டிப்பர் லாரிகள் எங்கள் சாலையில் ஏறின. முதலில் வளைவுகளில் தார் உரிந்தது. அடுத்த மழையில் ஓரம் கரைந்தது. மூன்றாவது வளைவில் வெளிப்பக்கத் தடுப்புச் சுவரின் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து கீழே இருந்த ஆரஞ்சு மரங்களின் மேல் போய் விழுந்தன. இப்போது 108 ஆம்புலன்ஸ் அந்த வளைவு வரைதான் வருகிறது. போன ஐப்பசியில் என் பெரியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் அங்கே வரை தூக்கிக்கொண்டு போனோம்.

அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சுதான். சாலையை உடைத்தவர்களே சரிசெய்து கொடுக்கட்டும் என்கிறது ஊர். அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணங்கள் எல்லாவற்றையும் கட்டிவிட்டோம், ரசீது இருக்கிறது, சாலை போடுவது அரசின் வேலை என்கிறது கட்டுமான நிறுவனம். மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பியிருக்கிறோம், நிதி வந்ததும் செய்வோம் என்கிறது அலுவலகம். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சண்டை நீள்வதும் அதனால்தான். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டங்கள் மனைகளாக மாறுகிற இடங்களிலும், கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இதே வாதங்களை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். எது யார் கடமை, எந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் சண்டையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கட்டிய பணம் எங்கே போகிறது

கேட்டுக்கு உள்ளே இருக்கும் சாலையைப் பற்றிச் சட்டத்தில் குழப்பம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர் உள்சாலைகளைத் தம் செலவில் அமைத்து, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் அவை பொதுச் சாலைகள். இடம் பெரியதாக இருந்தால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். இந்தத் தானத்தை எதிர்த்துத்தான் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இழப்பீடு இல்லாமல் நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வது சொத்துரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, கட்டுகிறவர் பொதுநன்மைக்காக எதையாவது கொடுக்க வேண்டும் என்று கேட்பதே தவறு என்ற வாதம் இனித் தமிழ்நாட்டில் எடுபடாது.

அடுத்தது பணம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 59-ஆவது பிரிவு வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்க அதிகாரம் தருகிறது. பிற்பாடு சேர்க்கப்பட்ட 63-பி பிரிவின் கீழ் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம் என்று இன்னொன்று உண்டு; அதற்கான விதிகள் 2008-இல் வந்தன. பெயரைக் கேட்டால், கட்டடம் வருவதால் சாலை, குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றின் மேல் ஏறும் பாரத்தைத் தாங்கத்தான் இந்தப் பணம் என்று தோன்றும். நோக்கமும் அதுதான். ஆனால் அந்தத் தொகை மாநில அளவிலான ஒரு நிதியில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பெரிய திட்டங்களுக்குப் பிரிகிறது. கீழ்மலையில் ஒரு கட்டடத்துக்காகக் கட்டிய பணம் கீழ்மலைச் சாலைக்கே திரும்பி வர வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

முடிச்சு இங்கேதான் விழுகிறது. நிறுவனம் ரசீதைக் காட்டும்போது பொய் சொல்லவில்லை. ஊராட்சி தன் கணக்கில் ஒரு ரூபாய் வரவில்லை என்று சொல்லும்போதும் பொய் சொல்லவில்லை. பணம் வாங்கியவர் ஒருவர், சாலை வைத்திருப்பவர் இன்னொருவர். சாலையை வைத்திருப்பவர் யார் என்பதே மலையில் எளிதான கேள்வி இல்லை. ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை, வனத்துறை வழி என்று மூன்று கிலோமீட்டருக்குள் உரிமை இரண்டு முறை மாறிவிடுகிற இடங்கள் உண்டு.

மலையில் கட்டுவதற்குச் சமவெளியைவிடக் கூடுதல் வாசல்கள் இருக்கின்றன. 1993-ஆம் ஆண்டின் மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்துக்கு 7 மீட்டர் என்று எல்லை வகுத்தன. ஹாகா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைக்கப்பட்டது. மண், சரிவு, மரம், பாறை ஆகியவற்றைப் பார்த்து வேளாண் பொறியியல், வனம், கனிமவளத் துறைகள் தடையின்மைச் சான்று தருகின்றன. கொடைக்கானலில் 1990களில் விதியை மீறி எழுந்த ஏழு மாடி ஓட்டல் வழக்கில், பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் போராடி, 1995-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புடன் வென்றதை எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். இத்தனை வாசல்களிலும் கட்டடத்தின் உயரம், அது நிற்கும் மண், அதற்காக விழும் மரம் ஆகியவை கேள்விக்கு உள்ளாகின்றன. அந்தக் கட்டடத்துக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு போகிற சாலை தாங்குமா என்று கேட்பது இவற்றில் எந்தத் துறைக்கும் தலையாய வேலை அல்ல.

எழுதாத கடமையைக் கேட்க முடியுமா

ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர், ஏன் நேராகச் சாலைக்கென்று ஒரு தொகை கேட்டு வாங்கக் கூடாது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. கட்டணத்துக்கும் ஏறக்குறைய அதே கண்டிப்புதான். அகமதாபாத் நகர வளர்ச்சிக் குழுமம் தன் விதிகளின் வழியாக வளர்ச்சிக் கட்டணம் வசூலித்தபோது, தாய்ச் சட்டத்தில் அதற்கான அதிகாரம் வெளிப்படையாக இல்லை என்று சொல்லி 1992-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. டெல்லி மாநகராட்சி வழக்கு ஒன்றில் 1994-இல், மனைப்பிரிவில் பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய இடங்களை இலவசமாக எழுதிக் கொடுக்கச் சொல்லும் தீர்மானத்தையும் அது ஏற்கவில்லை. அப்படிக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்க வேண்டும் என்றது. 2023 தீர்ப்பில் தமிழ்நாட்டு விதி தப்பியதற்குக் காரணம் அது சட்டப்படி வகுக்கப்பட்ட விதியாக இருந்ததுதான்.

எனவே ஊராட்சித் தலைவர் நேரில் கேட்டார், நிறுவனத்து மேலாளர் கோயில் திருவிழாவில் வைத்து ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. நிற்கக்கூடிய ஓர் இடம் உண்டு. திட்ட அனுமதி தரும் அலுவலகம் 1971 சட்டத்தின் 49-ஆவது பிரிவின் கீழ் நிபந்தனையோடு அனுமதி கொடுக்கலாம். அந்த இடம் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதா என்பதை அலுவலகம் பார்த்தே ஆக வேண்டும். ஒற்றை வண்டிப் பாதையின் முனையில் ஒரு விடுதி ஏற்ற இடமா என்ற கேள்வி அதற்குள் அடங்கியதுதான். சாலையைப் பற்றிய நிபந்தனையை எழுத வேண்டிய தாள் அந்த அனுமதி ஆணை.

எங்கள் ஊர் விஷயத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த ஆணையின் நகலை வாங்கினோம். சாலையைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அணுகுசாலையை மனுதாரர் மேம்படுத்த வேண்டும் என்ற பொருளில். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை? என்ன அகலம்? தார் மட்டுமா, வடிகாலும் சேர்த்தா? எப்போதைக்குள்? செய்யாவிட்டால் என்ன? ஒன்றும் இல்லை. நிறுவனம் தன் கேட்டுக்கு முன்னால் அறுபது மீட்டருக்கு அழகான கான்கிரீட் தளம் போட்டது. நிபந்தனை நிறைவேறியது என்று எழுதிக் கொடுத்தது. அணுகுசாலை என்றால் பிரிவிலிருந்து கேட் வரை என்று ஊர் நினைத்தது. கேட்டை ஒட்டிய பகுதி என்று நிறுவனம் வாசித்தது. அந்த ஒரு சொல்லின் மேல்தான் இரண்டு ஆண்டுகளாக மனுக்கள் ஏறி இறங்குகின்றன.

வீட்டு மனைகளை வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்கள் அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். புறவளர்ச்சிப் பணிகள் என்று அந்தச் சட்டம் ஒன்றை வரையறுக்கவும் செய்கிறது: திட்டத்தின் நன்மைக்காக அதன் ஓரத்திலோ வெளியிலோ செய்ய வேண்டியிருக்கும் சாலை, குடிநீர், கழிவுநீர் வேலைகள். படித்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வரையறையின் முடிவில், உள்ளூர்ச் சட்டங்களில் சொல்லியிருக்கிறபடி என்று ஒரு முடிச்சு போட்டிருக்கிறார்கள். உள்ளூர்ச் சட்டமோ பணத்தை மாநில நிதிக்கு அனுப்புகிறது. ஒன்று இன்னொன்றைக் கைகாட்டுகிறது.

அரியானாவில் இதற்கு நேரான வழி இருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் சட்டப்படி குடியிருப்பு நகரம் உருவாக்க உரிமம் வாங்குகிறவர் புறவளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். உள்வேலைகளின் மதிப்பில் 25 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அப்படியிருந்தும் குருகிராமில் வீடு வாங்கியவர்களிடம் அந்தக் கட்டணத்தை வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் பலவும் அரசுக்குக் கட்டாமல் பாக்கி வைத்தன. பல பகுதிகளில் குடியேறியவர்கள் மண் பாதையில் போய்வந்தார்கள். கட்டணத்துக்குப் பெயர் வைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பணம் எந்த நாளில் யார் கைக்கு வர வேண்டும் என்பதும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

எவ்வளவு கேட்பது நியாயம்

நிறுவனத்தின் வாதத்தில் நான் மதிக்கிற பகுதி ஒன்று உண்டு. எங்கள் சாலை அவர்கள் வருவதற்கு முன்பே நல்ல நிலையில் இல்லை. பல ஆண்டுகளாகப் புதுத் தார் பார்க்காத சாலை அது. அரசு செய்யாமல் விட்ட பழைய பாக்கியை, கடைசியாக வந்தவர் தலையில் முழுவதுமாகக் கட்டுவது முறை ஆகாது. அப்படியானால் அவர்கள் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது, கணக்கால் முடியும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, வெவ்வேறு எடையுள்ள லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், வண்டியின் ஓர் அச்சு தாங்கும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது அங்கிருந்து வந்த முடிவு. அச்சு எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. உலகம் முழுவதும் சாலைப் பொறியாளர்கள் இன்றும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு காரின் அச்சு முக்கால் டன் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜல்லி நிரம்பிய டிப்பரின் பின் அச்சு 10 டன் என்றால் எடை பதின்மூன்று மடங்கு. சேதம் முப்பதாயிரம் மடங்கை ஒட்டி வரும். மெல்லிய தார்ச் சாலையில் எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் விடுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சாலை உடைந்ததோ கட்டுமானம் நடந்த அந்த இரண்டு கோடைகளில்.

இது முக்கியமான வேறுபாடு. கட்டுமானச் சேதம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட வண்டிகளால் வருவது. வேலை தொடங்கும் முன் சாலையை அளந்து, படம் எடுத்து, பதிவு செய்து வைத்தால், முடிந்த பின் எது பழைய பள்ளம், எது புதிய பள்ளம் என்ற சண்டையே இல்லை. குடிநீர்க் குழாய்க்காக வீட்டு வாசலில் சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டுமென்றால் நகராட்சி முன்கூட்டியே சீரமைப்புக் கட்டணம் கட்டச் சொல்கிறது. அரை மீட்டர் அகலத்துக்குத் தோண்டுகிறவரிடம் வாங்கத் தெரிந்த நமக்கு, மூன்று கிலோமீட்டரை இரண்டு கோடை நசுக்குகிறவரிடம் ஒரு காப்புத் தொகை வாங்கி வைக்கத் தோன்றவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டி முடித்த பிறகு வரும் அன்றாடப் போக்குவரத்து வேறு கணக்கு. அதில் விடுதியின் பங்கு உண்டு, ஊரின் பங்கு உண்டு, வழிப்போக்கர் பங்கும் உண்டு. இந்தப் பங்கை எப்படி அளப்பது என்று பிற நாட்டு நீதிமன்றங்கள் நெடுநாளாக மோதிக்கொண்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில் எல் டொராடோ என்ற வட்டாரம் இருக்கிறது. ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் அங்கே தம் நிலத்தில் ஆலையில் செய்து கொண்டுவரும் சிறிய வீடு ஒன்றை வைக்க அனுமதி கேட்டார். சாலைகளின் மேல் ஏறும் பாரத்துக்காக 23,420 டாலர் கட்டச் சொன்னார்கள். அந்தத் தொகை அவர் வீட்டால் எவ்வளவு வண்டிகள் கூடும் என்று பார்த்து வந்ததில்லை. கட்டடத்தின் வகையையும் பகுதியையும் வைத்துப் பட்டியலில் எழுதியிருந்த தொகை. 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒன்று சொன்னது: சட்டமன்றம் வகுத்த பட்டியல் என்பதற்காக அது கேள்விக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது, கேட்கும் தொகைக்கும் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் தொடர்பும் ஏறத்தாழ விகிதமும் இருக்கிறதா என்ற சோதனை அதற்கும் உண்டு. தொகை தவறு என்று அது சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. இங்கிலாந்திலும் கட்டுகிறவரோடு ஒப்பந்தம் போட்டுச் சாலைக்குப் பணம் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் அவசியமானதா, அந்தக் கட்டடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளதா, அளவில் நியாயமானதா என்ற மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும்.

அந்த நாடுகளின் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனாலும் அந்த அளவுகோல் ஊர்ப்பக்கம் பேசுகிறவர்களுக்குத்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். எல்லாச் சாலையையும் போட்டுக் கொடு என்று கேட்டால் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரே வாரத்தில் தடை வாங்கிவிடுவார். மூன்றாவது வளைவின் சுவர், இந்த இரண்டு சிறுபாலங்கள், இத்தனை மீட்டர் தார், காரணம் இத்தனை நடை டிப்பர் என்று கேட்டால் அவரால் எளிதில் மறுக்க முடியாது.

மலையில் மேம்பாடு என்றால் அகலமா

இந்தச் சண்டையில் எல்லாத் தரப்பும் கேட்காமல் விடுகிற கேள்வி இது. சாலை மேம்பாடு என்றதும் அகலப்படுத்துவது என்றே எடுத்துக்கொள்கிறோம். சமவெளியில் சரி. 45 டிகிரிச் சரிவில் ஓடும் சாலையை 2 மீட்டர் அகலப்படுத்த, உள்பக்க மண் சுவரை இன்னும் 2 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைப் பெரும்பாலும் வெளிப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அது கீழே இருப்பவர் தோட்டத்தில் போய் இறங்கும். உள்பக்கம் ஊற்று திறந்துகொள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலைக்காகவும் வீட்டுக்காகவும் வெட்டப்பட்ட சரிவுகள் அவற்றில் பல. பொக்லைன் கை வைத்த இடத்தை மழை ஞாபகம் வைத்திருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

மலைச் சாலையைக் கொல்வது தண்ணீர். உள்பக்க வடிகால் அடைபட்டால் மழைநீர் சாலையின் மேல் ஓடி, வெளி ஓரத்தை அரித்து, சுவரின் பின்னால் ஊறி, சுவரையே தள்ளிவிடும். ஆகவே கட்டுமான நிறுவனத்திடம் பணம் கேட்பதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது வடிகால், சிறுபாலம், நீர் கசிய ஓட்டை விட்ட தடுப்புச் சுவர். அடுத்தது ஒதுங்கிடம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் (ஐ.ஆர்.சி.) கணக்கில் ஒற்றைத் தடச் சாலை 3.75 மீட்டர், மலையில் அப்படிப்பட்ட சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ஒதுங்கிடங்கள் வைக்கச் சொல்கிறது. சாலை முழுவதையும் இருதடமாக்குவதோடு ஒப்பிட்டால் செலவு சிறியது, வெட்டும் மண்ணும் சிறியது. காட்டு நிலம் குறுக்கிட்டால் பணம் இருந்தும் அகலப்படுத்த முடியாது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் சில சாலைகள் சில கட்டடங்களைத் தாங்காது. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இந்த மலைகளின் மொத்தத் தாங்குதிறனைப் பற்றி அதைத்தான் கேட்டது. 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. மலை முழுவதற்கும் ஒரு வரம்பு வைத்துவிட்டு, மலைக்குள் ஓர் ஒற்றைத் தடச் சாலையின் முனையில் எத்தனை அறைகளுக்கு வேண்டுமானாலும் அனுமதி தருவது பொருந்தாது. சாலைக்குப் பணம் கொடுத்துவிட்டால் அனுமதி கிடைத்துவிடும் என்ற நிலை வந்தால் அதையும் நான் எதிர்ப்பேன். இந்தச் சாலைக்கு இருபது அறைதான், அதற்கு மேல் இல்லை என்று சொல்லும் உரிமையை அனுமதி தருபவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நிறுவனம் எழுதிக் கொடுக்காமல் போய்விட்டால் கடைசியில் பணம் யார் கையிலிருந்து போகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய சான்று இருக்கிறது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது; மலைப்பகுதிகளுக்கு 2020-இல் தனி விதிகள் வந்தன. மனைப்பிரிவு போட்டு விற்றவர் எப்போதோ போய்விட்டிருந்தார். சீட்டுப் போட்டும் நகை விற்றும் நான்கு சென்ட் வாங்கியவர்கள்தான் வளர்ச்சிக் கட்டணத்தையும் திறந்தவெளிக்கான கட்டணத்தையும் கட்டினார்கள். சாலை அப்போதும் அவர்களே கூடிப் போட்ட மண் சாலையாகவே இருந்தது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இப்போது இன்னொரு நிலம் கைமாறியிருக்கிறது. அளவுக்கல் நட்டுவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனதால், யாரிடம் போய்ச் சொல்வது என்று முதலில் தயங்கினோம். ஆனாலும் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். காந்தி ஜெயந்தி அன்று கூடியது. நூறு நாள் வேலைக் கணக்கும் குடிநீரும் பேசி முடித்த பின் சாலையை எடுத்தோம். இந்தமுறை கோஷம் இல்லை. முந்தைய வாரம் பள்ளி ஆசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் ஒருவரும் நாடாவோடு பிரிவிலிருந்து நடந்து அளந்திருந்தார்கள். 3,240 மீட்டர். எட்டு சிறுபாலங்கள், அவற்றில் மூன்று அடைப்பு. சுவர் சரிந்த இடங்கள் இரண்டு. ஒதுங்கிடம் வைக்கத் தோதான, மண் வெட்டாமலே அகலம் கிடைக்கிற இடங்கள் ஐந்து.

தீர்மானத்தில் இவ்வளவும் எழுதினோம். மேலே உள்ள நிலத்துக்குத் திட்ட அனுமதி தருவதாக இருந்தால், அணுகுசாலை என்றால் பஸ் பிரிவிலிருந்து கேட் வரை என்று ஆணையிலேயே எழுத வேண்டும். வேலை தொடங்கும் முன் சாலையின் நிலையைக் கூட்டாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமானச் சேதத்துக்கான காப்புத் தொகையைச் சாலையை வைத்திருக்கும் துறையின் கணக்கில் முதல் டிப்பர் ஏறும் முன் கட்ட வேண்டும். வடிகாலும் சுவரும் முடிந்த பிறகே கட்டட நிறைவுச் சான்று தர வேண்டும். மழை மாதங்களில் கனரக வண்டி கூடாது. கடைசி வரியை என் பெரியம்மா சேர்க்கச் சொன்னார். மூன்றாவது வளைவில் ஆம்புலன்ஸ் திரும்ப இடம் விட வேண்டும் என்று.

நகலைத் திட்ட அனுமதி தரும் அலுவலகத்துக்கும், சாலையை வைத்திருக்கும் துறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று ஒப்புகைகளும் வந்துவிட்டன. மேலே இன்னும் பொக்லைன் ஏறவில்லை.